தவறான பக்கத்தில் இறங்கிய வாசகருக்கு ஒரு வரி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்து மாணவர் ஒருவர் பள்ளியில் ஒப்படைக்க வேண்டிய வரலாற்றுத் திரட்டேட்டுக்காகக் கைப்பேசியில் தகவல் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1948 ஜூன் 16 அன்று இவ்வூரை ஒட்டிய ரப்பர் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிருவாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்து, 1960 வரை நீடித்த மலாயா நெருக்கடி நிலையைப் பற்றி அவர் அறிய விரும்புகிறார். ஆனால் "நெருக்கடி நிலை" என்று மட்டும் தமிழ் விக்கிப்பீடியாவில் தட்டச்சு செய்பவர் முன்னால், 1975 முதல் 1977 வரை இந்தியாவில் நடப்பிலிருந்த நெருக்கடி நிலை பற்றிய பக்கம் வந்து நிற்க வாய்ப்பு மிகுதி. பெயர் ஒன்றுதான், நாடும் காலமும் காரணமும் வேறு. பக்கத்தின் உச்சியில் "மலாயாவில் 1948இல் அறிவிக்கப்பட்டதைப் பற்றி அறிய இந்தப் பக்கத்துக்குச் செல்க" என்னும் ஒரு வரி இருந்தால் அவர் ஒரே தட்டலில் தமக்குரிய கட்டுரையை அடைந்துவிடுவார். அந்த வரி இல்லாவிட்டால், பொருந்தாத பக்கத்தைப் படித்துக் குழம்புவார், அல்லது தமிழில் தகவலே இல்லை என்று எண்ணித் தேடலைக் கைவிடுவார்.

பள்ளி வள மையத்தின் பொறுப்பாசிரியராகப் பணியாற்றிக்கொண்டே தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதியும் வருகிறேன். திரட்டேடுகளில் நான் காணும் பிழைகளில் கணிசமானவை சோம்பலால் நேர்பவை அல்ல, பெயர் மயக்கத்தால் நேர்பவை. ஒரு திரட்டேட்டில், சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்து, ம.இ.கா. எனப்படும் மலேசிய இந்தியக் காங்கிரசின் தலைவராக இருந்து, பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதால் வாழ்விழந்த தொழிலாளர்களுக்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் உருவாக்கிய துன் வீ. தி. சம்பந்தன், திருகோணமலையின் நாடாளுமன்ற உறுப்பினர் என்று எழுதப்பட்டிருந்தது. இலங்கையின் இரா. சம்பந்தன் பற்றிய தகவலை அந்த மாணவி உண்மையென நம்பி, அழகான கையெழுத்தில் படியெடுத்திருந்தார். தம் ஊரில் பிறந்த தலைவரைப் பற்றி எழுத முனைந்த பிள்ளைக்கு இப்படி நேர்வது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

பக்கத்தின் உச்சியில் வழி காட்டும் இத்தகைய குறிப்புகளைக் கட்டுரையில் சேர்ப்பதற்கென்றே வார்ப்புருக்கள், அதாவது பெயரை இட்டாலே ஆயத்த வரியை உருவாக்கித் தரும் அச்சுகள், உள்ளன. அவற்றின் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்து வந்தவை ஆதலால் ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சிட வேண்டியிருக்கும். "அபௌட்" (About) என்பது இக்கட்டுரை எதைப் பற்றியது என்று சொல்லி, மற்றதற்கு வழி காட்டும். "டிஸ்டிங்குவிஷ்" (Distinguish) இதை அதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் சொல்லும். "ரீடைரக்ட்" (Redirect) ஒரு வழிமாற்றின் மூலம், அதாவது வேறொரு பெயரைத் தட்டியதும் தானாக இங்கே திருப்பப்பட்டு, வந்து சேர்ந்தவருக்கு உரியது. "மெயின்" (Main) கட்டுரையின் உட்பிரிவுக்கு மேலே நின்று முதன்மைக் கட்டுரையைச் சுட்டும். அந்த மாணவி போய்ச் சேர்ந்த இரா. சம்பந்தன் கட்டுரையில் எழுத வேண்டியது ஏறத்தாழ இவ்வளவே:

{{About|இலங்கை அரசியல்வாதி|மலேசிய அரசியல்வாதி|வீ. தி. சம்பந்தன்}}

இரட்டை நெளி அடைப்புக்குறிகள், வார்ப்புருவின் பெயர், இடையிடையே செங்குத்துக் கோடு. கடைசியில் வரும் பக்கத்தின் பெயருக்குச் சதுர அடைப்பு இட வேண்டியதில்லை, வார்ப்புருவே அதை இணைப்பாக மாற்றிவிடும். தமிழில் எழுதுவோர் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். "பற்றியது", "காண்க" போன்ற சொற்களை வார்ப்புருவே சேர்ப்பதால், நாம் கொடுக்கும் சொல் வேற்றுமை உருபு ஏதுமின்றி எழுவாய் வடிவில் இருப்பது நல்லது. "அரசியல்வாதியைப் பற்றி" என்று நாம் எழுதிக் கொடுத்தால், திரையில் "பற்றி பற்றியது" என்று வந்து நிற்கும். ஆகவே சேமிப்பதற்கு முன் முன்தோற்றத்தை ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

அதே வரியைச் சாய்வெழுத்தில் கையால் எழுதிவிட்டால் போதாதா என்று புதிதாகத் தொகுக்க வருவோர் கேட்பதுண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றினாலும், கையால் எழுதிய வரியைக் கணினி கட்டுரையின் முதல் வாக்கியமாகவே எடுத்துக்கொள்ளும். ஆங்கில விக்கிப்பீடியாவில் இவ்வார்ப்புருக்கள் உருவாக்கும் வரிக்கு, இது வழிகாட்டுக் குறிப்பு, கட்டுரையின் உள்ளடக்கம் அன்று என்று அடையாளம் இடப்படுகிறது. அதனால் தளத்தின் தேடல் அட்டவணையில் அது கலப்பதில்லை; பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளும் அதைக் குறிப்பாக இனங்காண முடிகிறது. குறிப்பின் நடையையோ வடிவத்தையோ பின்னர் மாற்ற வேண்டுமென்றாலும் வார்ப்புருவை ஓரிடத்தில் திருத்தினால் போதும், அதைப் பயன்படுத்தும் எல்லாப் பக்கங்களிலும் மாற்றம் வந்துவிடும். கையால் எழுதியவற்றை ஒவ்வொன்றாகத் தேடித்தான் திருத்த வேண்டும். குறிப்பைத் தகவற்பெட்டிக்கும் (கட்டுரையின் தொடக்கத்தில் முக்கிய விவரங்களைத் தொகுத்துத் தரும் கட்டம்) படத்துக்கும் மேலே வைப்பதும் இதே அக்கறையால்தான்: திரைவாசிப்பு மென்பொருள் வரிசைப்படி வாசிப்பதால், தவறாக வந்தவர் நீண்ட பெட்டி முழுவதையும் கேட்டு முடித்த பிறகே தமக்குரிய வழியை அறியும் நிலை வரக்கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் வற்புறுத்துவது, குறிப்பு எந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைத்தான். நம் ஊரைப் பற்றி எழுதுவோர் நம் கட்டுரையில்தான் குறிப்பை இடுகிறார்கள். "மலாயா நெருக்கடி நிலை" என்ற முழுத் தலைப்பைக் கொண்ட பக்கத்துக்கு வந்தவர் பெரும்பாலும் சரியான இடத்துக்கே வந்திருக்கிறார், அவருக்கு அங்கே வழி காட்டத் தேவையில்லை. குறிப்பு தேவைப்படுவது வழி தவறி வந்தவருக்கு. அவர் நிற்பது இந்திய நெருக்கடி நிலையின் பக்கத்தில். ஆகவே வரியும் அங்கேதான் இருக்க வேண்டும். தைப்பிங் நகரைத் தேடுபவர் சீனாவின் தைப்பிங் கிளர்ச்சிக்குப் போய்ச் சேரலாம், பேராக்கின் கம்பாரைத் தேடுபவர் இந்தோனேசியாவின் ரியாவு மாநிலத்துக் கம்பாருக்குப் போகலாம், கோப்பேங் அருகிலுள்ள கோத்தா பாருவைத் தேடுபவர் கிளந்தானின் தலைநகருக்குப் போகலாம். ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டியது, பொதுப்பெயரைத் தட்டச்சு செய்தவர் எங்கே இறங்குவார் என்பதே.

ஒரே பெயருக்கு இரண்டு பொருள் மட்டுமே இருந்து, அவற்றுள் ஒன்று பெரிதும் அறியப்பட்டதாக இருந்தால், தனியே ஒரு பக்கவழி நெறிப்படுத்தல் பக்கம், அதாவது ஒரே பெயர் கொண்ட கட்டுரைகளைப் பட்டியலிடும் பக்கம், தொடங்க வேண்டாம், குறிப்பே போதும். மூன்று நான்கு பொருள்கள் சேர்ந்துவிட்டால் அந்தப் பக்கத்தைத் தொடங்கி, குறிப்பை அதற்கு இணைக்கலாம். ஒரே கட்டுரையின் தலையில் குறிப்புகளை அடுக்குவதும், வரலாற்றுச் செய்திகளை அதற்குள் நுழைப்பதும், வெளித்தளங்களுக்கு இணைப்புக் கொடுப்பதும் ஏற்புடையன அல்ல. இன்னும் எழுதப்படாத கட்டுரைக்குச் சிவப்பு இணைப்பாகக் குறிப்பு இடுவது வாசகரை வெறும் பக்கத்துக்கு அனுப்புவதாகிவிடும். முதலில் அக்கட்டுரையை நான்கு வரியிலாவது எழுதிவிட்டுப் பிறகு குறிப்பைச் சேர்க்கலாம்.

பிற நாட்டவர் வளர்த்த கட்டுரையின் உச்சியில் கை வைக்கத் தயங்கும் நம் ஆசிரியர்களும் மாணவர்களும், தொகுப்புச் சுருக்கத்தில் "இதே பெயரில் மலாயாவில் நிகழ்ந்ததைத் தேடி வருவோருக்காக வழிகாட்டுக் குறிப்பு" என்று எழுதிவிட்டுச் சேமிக்கலாம். யாரேனும் அதை நீக்கினால் மறுபடியும் திணிக்காமல், பேச்சுப் பக்கத்தில் காரணத்தைக் கேட்டு, மலேசியாவில் தமிழ் படிப்போர் அச்சொல்லை எப்பொருளில் தேடுகிறார்கள் என்பதை அங்கே விளக்கலாம்.