மூலையை இழுத்தால் மொத்தமும் விரியும்

பெங்களூரு அல்சூரில் எங்கள் பேட்டை நூலகக் கூரையில் ஒரு மடிப்புச் சிற்பம் தொங்குகிறது. கம்ப்யூட்டர் வந்ததும் மூலைக்குப் போன கேட்லாக் அட்டைகளை இணைகரமாக வெட்டி, துணியில் ஒட்டிச் செய்தது. தூசி தட்ட இறக்கிய அன்று நூலகர் ஒரு மூலையைத்தான் இழுத்தார். கையடக்கமாக இருந்தது மேசை முழுக்க விரிந்துவிட்டது. பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் கேட்டாள்: “சார், ஊர் மேப்பை ஒருதரம் பிரிச்சா திரும்ப மடிக்கவே வரலை. இது மட்டும் எப்படி?”

மேப்பில் மடிப்புகள் கூட்டல் குறி போல வெட்டிக்கொள்கின்றன. ஒரு தாளை மடித்துக் கூரை மாதிரி நிறுத்துங்கள். இப்போது குறுக்கே மடியுங்கள். முரண்டு பிடிக்கும். முதல் மடிப்பு முழுசாகப் படிந்த பிறகே அடுத்தது நடக்கும். அதற்குள் தாள் இரட்டையாகிவிடும், அப்புறம் நான்காகும். கோடுகள் கூடும் இடம்தான் முதலில் கிழியும்.

எங்கள் சிற்பத்தில் இருப்பது வேறு மடிப்பு. ஜப்பானிய விண்வெளிப் பொறியாளர் கோரியோ மியுரா குறுக்குக் கோடுகளைக் கொஞ்சம் சாய்த்தார், அவ்வளவுதான். அவை மின்னல் போல ஒடிந்து ஒடிந்து ஓடும். நான்கு மடிப்புகள் கூடும் எந்தப் புள்ளியிலும் மூன்று முகடு (மேலே எழும்பும் மடிப்பு), ஒரு பள்ளம் (கீழே இறங்கும் மடிப்பு). இல்லாவிட்டால் மூன்று பள்ளம், ஒரு முகடு. அந்த நான்கில் ஒன்று எவ்வளவு மடிந்தது என்பது தெரிந்தால் மற்ற மூன்றும் தாமாகவே முடிவாகிவிடும். அதே மடிப்புகள்தான் அடுத்த புள்ளிக்கும் போகின்றன, எனவே அங்கேயும் முடிவாகிவிட்டது. தெருவில் வதந்தி பரவுகிற மாதிரி சேதி தாள் முழுக்கப் போய்விடும். அட்டை ஒன்றுகூட வளைவதில்லை. இடையிலுள்ள துணிதான் கீலாக மடிகிறது.

இன்னொரு வேடிக்கை. ரப்பரை நீளவாக்கில் இழுத்தால் அகலம் சுருங்கும். இதை இழுத்தால் அகலமும் கூடவே பெருகும்! எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. 1995-ல் ஜப்பான் அனுப்பிய ஸ்பேஸ் ஃப்ளையர் யூனிட் என்ற விண்கலத்தில் சூரியத் தகடு விரிந்ததும் இப்படித்தான்.

தாள் மடிக்கவெல்லாம் ஆராய்ச்சிப் பணமா என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று. 1893-லேயே சென்னையில் சுந்தர ராவ் என்பவர், தாள் மடிப்பால் வடிவியல் சொல்லித்தரும் புத்தகம் வெளியிட்டார். ஜெர்மன் கணிதர் ஃபெலிக்ஸ் கிளைன் அதைக் குறிப்பிட்டார். 1901-ல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. நம் ஊர்ச் சரக்குக்கு எப்போதும் வெளியூர் முத்திரை வேண்டியிருக்கிறது.

மூடுகிற வேலையை அந்தப் பெண்ணிடமே விட்டோம். ஒரு மூலையைத் தள்ளினாள். ‘சமையல்’ அட்டையும் ‘வானியல்’ அட்டையும் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டு உள்ளே போயின.