தடைக்காலத்தில் மனசுக்குள் என்ன நடக்கிறது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் துறைகளில் விசைப்படகுகள் எல்லாம் நங்கூரம் போட்டு நிற்கும். மீன்கள் இனம் பெருகுவதற்காக விடப்படும் காலம் அது. கடலுக்கு ஓய்வுதான், ஆனால் கரையில் இருப்பவர்களுக்கு வருமானம் நின்று, தூக்கமும் கெட்டுப்போகும்.

அப்படி ஒரு மே மாதத்தில், தங்கச்சிமடத்தில் ஓர் அண்ணன் வேப்பமர நிழலில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். வலையின் ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு கண்ணியாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு மாசம் கிடக்கே, என்ன அவசரம்ணே?"

"அவசரம் ஒண்ணுமில்ல தம்பி. கை சும்மா கிடந்தா மனசு எங்கெங்கயோ போகுது. இன்னைக்கு இந்தக் கிழிசல முடிச்சிரணும், அவ்வளவுதான்."

அவர் சொன்ன இடத்துக்கு வந்து சேர மூளை அறிவியலுக்கு ஏறத்தாழ 50 ஆண்டு ஆனது.

நெருக்கடி வந்ததும் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு அது நல்லதே, உடம்புக்குத் தெம்பு தரும். வாரக்கணக்கில் இறங்காமல் இருந்தால்தான் தூக்கமும் ஞாபகமும் அடிவாங்கும். சரி, ஒரே நெருக்கடி ஒருவரை முடக்கிப் போடுகிறது, இன்னொருவரை விட்டுவிடுகிறதே, ஏன்?

1967-இல் உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். படிக்கவே மனம் கஷ்டப்படும் சோதனை. ஒரு கூட்டத்துக்குத் தலையால் பலகையைத் தள்ளினால் அதிர்ச்சி நிற்கும். இன்னொரு கூட்டத்துக்கும் அதே அளவு அதிர்ச்சிதான், ஆனால் நிறுத்த வழியே இல்லை. பிறகு இரண்டையும் எளிதாகத் தாண்டிவிடக்கூடிய தடுப்புள்ள பெட்டியில் விட்டார்கள். முதல் கூட்டம் தாண்டியது. இரண்டாவதில் பெரும்பாலானவை படுத்தபடியே வலியைத் தாங்கின. முயன்று பயனில்லை என்று அவை கற்றுக்கொண்டுவிட்டன என்றார்கள்.

2016-இல் அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாகத் திருத்தினார்கள். நீண்ட துன்பத்தில் சோர்ந்து விழுவதை யாரும் கற்க வேண்டியதில்லை, மூளை இயல்பாகச் செய்வதே அதுதான். மூளைத்தண்டில் இருக்கும் ரஃபே என்ற நரம்புக் கூட்டம் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை அளவுக்கு மேல் விட, அச்சம் கூடுகிறது, எழுந்து ஓடும் முனைப்பு அடங்குகிறது. 'நான் செய்தால் ஏதோ மாறுகிறது' என்பதைத்தான் மூளை கற்றாக வேண்டும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி அதைக் கண்டுகொண்டதும் ரஃபேயை அடக்குகிறது. எலிகளை வைத்துச் செய்த சோதனைகளில், இப்படி ஒருமுறை கற்றவை பின்னால் கட்டுப்படுத்தவே முடியாத அதிர்ச்சியிலும் முடங்கவில்லை.

ஆக, சோர்ந்து கிடப்பவரைச் சோம்பேறி என்பது பெரிய தவறு. அவருக்கு ஒரு பிடி வேண்டும். முடிக்கக்கூடிய ஒரு சின்ன வேலை அப்படி ஒரு பிடி. இன்று காலை தொடங்கி இன்றே கண்ணால் பார்க்கக்கூடிய பலன் அதில் இருக்க வேண்டும்.

அந்தப் பிடி உண்மையானதாகவும் இருக்க வேண்டும். டீசல் கடனில் நிற்பவரிடம் "தைரியமா இருங்க" என்று சொல்வதால் எதுவும் மாறாது. நிவாரணத் தொகை சரியான நாளில் கைக்கு வருவதையும், மாற்றுத் தொழிலுக்கு வழி கிடைப்பதையும் நான் மனநலச் சிகிச்சையின் பக்கத்திலேயே வைப்பேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை, சாகலாம் என்று பேச்சு வருகிறது என்றால் வலையும் முடிச்சும் போதாது. டெலி மனஸ் உதவி எண் 14416, எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அந்த நிலையில் இருப்பவருக்குப் போனை எடுப்பதே மலையாக இருக்கும். நீங்களே எண்ணை அழுத்திக் கொடுத்து, பேசி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.