நாற்காலி கிடைத்துவிட்டது, டோக்கன் யாரிடம்?

தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள். 2016 சட்டத் திருத்தத்தின்படி தலைவர் பதவிகளில் பாதி பெண்களுக்கு. பட்டியலினத்தவருக்கான ஒதுக்கீடு 1996 தேர்தலிலிருந்தே இருக்கிறது. அதை ஏற்காமல் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் ஆதிக்க சாதியினர் பத்தாண்டுகள் முரண்டு பிடித்தார்கள். 2006-ல்தான் அங்கே தேர்தல் ஒழுங்காக நடந்தது. இப்போது தேர்தலைத் தடுக்க யாரும் மெனக்கெடுவதில்லை. யார் வேண்டுமானாலும் ஜெயிக்கட்டும், கையெழுத்து நம்மிடம் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

அதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும். தலைவரை ஊர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பதவிக்கு இடஒதுக்கீடும் கிடையாது. தலைவர் பதவியை இழந்த பெரிய வீட்டுக்காரர்கள் உறுப்பினர்களை வளைத்து அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலினப் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த விவகாரத்தில் வழக்குப் பதிவானவர்களில் துணைத் தலைவரும் ஒருவர்.

துணைத் தலைவர் ஒப்பமிட மறுத்தால் என்ன ஆகும்? மோட்டார் பழுதுபார்த்த பில் நிற்கும், தெருவிளக்கு எரியாது, தூய்மைப் பணியாளர் சம்பளம் தள்ளிப்போகும். ஊர் திட்டுவது தலைவரைத்தான். புகார் முற்றினால், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர் பிரிவு 203-ஐப் பயன்படுத்தி, காசோலை அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுக்கலாம். இருவர் சண்டையில் சாவி அலுவலகத்துக்குப் போய்விடும்.

அந்த நிலை வருமுன் தலைவர்கள் தாள்களைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பில்லையும் தேதியிட்ட கடிதத்துடன் துணைத் தலைவருக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்ன எந்தப் புகாரும் ஆட்சியர் அலுவலகத்தில் நிற்காது.

இணையவழிப் பணப்பரிமாற்றம் வந்தபின் கையெழுத்து என்பது டிஜிட்டல் கையொப்பம் அடங்கிய, பென்டிரைவ் போன்ற ஒரு டோக்கன். அதோடு ஒரு கடவுச்சொல், ஓடிபி வரும் ஒரு கைப்பேசி எண். பெண் தலைவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் பதவியேற்ற முதல் வாரத்திலேயே. ‘நான் பாத்துக்கறேன்’ என்று கணவரோ ஒப்பந்ததாரரோ தன் எண்ணைக் கொடுத்துவிடுவார். டோக்கன் ஊராட்சிச் செயலரின் மேசை இழுப்பறைக்குப் போய்விடும். பிறகு எது யாருக்குப் போனது என்று தலைவருக்கே தெரியாது. தணிக்கையில் ஆட்சேபணை எழுந்தால் மட்டும் பெயர் அவருடையது! எண் உங்களுடையதாக இருக்கட்டும். டோக்கன் வீட்டுப் பீரோவில் இருக்கட்டும். பணம் அனுப்பும் நாளில் கொண்டுபோய், முடிந்ததும் கொண்டுவந்துவிடுங்கள். இது அவநம்பிக்கை அல்ல. வண்டிச் சாவியை யாரும் தெருவில் விட்டு வருவதில்லை.

அடுத்தது தீர்மானப் புத்தகம். இதில் நடக்கும் மோசடி பழைய பாணி: எழுதியதற்கும் கையெழுத்துக்கும் இடையே நான்கு வரி காலி விடுவார்கள், பிறகு நிரப்புவார்கள். பக்க எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், மிச்ச இடத்தில் குறுக்குக்கோடு போட்டபின் ஒப்பமிடுங்கள். பிரிவு 205-ன் கீழ் பதவிநீக்க நோட்டீஸ் வந்தால் இந்தப் புத்தகம்தான் காப்பாற்றும். நோட்டீசுக்குக் குறித்த நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தராமல் விட்டால் வழக்கு பாதி தோற்றமாதிரி.

உறுப்பினர்கள் ஒத்துழைக்காதபோது தலைவருக்குக் கைகொடுப்பது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு. நிற்கும் பில்களின் பட்டியலை அங்கே வாசித்துப் பதிவு செய்யுங்கள். யாரால் நிற்கிறது என்பதை ஊரே கேட்கட்டும்.

பட்டியலின, பழங்குடித் தலைவர்கள் இன்னொன்றையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஊராட்சிப் பணியைச் செய்யவிடாமல் தடுப்பதும் மிரட்டுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(எம்)-படி தனிக் குற்றம். கொடியேற்ற விடாததும், இருக்கை தராததும் ‘ஊர் வழக்கம்’ என்று காவல் நிலையத்தில் சமாதானம் பேசினால் பிரிவைச் சொல்லி மனு கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ல் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் போனது. அவர்களிடமிருந்து பொறுப்பேற்கும் தலைவர் முதல் நாளே வங்கி இருப்பு, நிலுவை பில், மின்கட்டண பாக்கி, மோட்டார்களின் எண்ணிக்கை என ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு, ஒப்படைத்தவரின் கையெழுத்துடன் ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.