சிறுவர் தொகை குறைகிறது என்றால், எத்தனை பேரிலிருந்து?

கடந்த வாரம் வெள்ளவத்தையில் முன்பள்ளி நடத்தும் அம்மையார் ஒருவர், வட்ஸ்அப்பில் தமக்கு வந்த சலாகை வரைபொன்றை என்னிடம் காட்டினார். ஜப்பானுக்கு உயரமான ஒரு சிவப்புச் சலாகையும், தென்கொரியாவுக்கு அதன் பாதி உயரத்தில் இன்னொன்றும் இருந்தன. ஐம்பது ஆண்டுகளில் குறையப்போகும் சிறுவர் எண்ணிக்கை என்று கீழே எழுதியிருந்தது. "ஜப்பான் பாடுதான் மோசம், கொரியா தப்பிவிடும் போலிருக்கிறது, என்ன மிஸ்?" என்று கேட்டார். இதே வரைபை ஒரு மாணவரின் ஆய்வறிக்கையிலும் ஒரு கருத்தரங்கிலும் ஏற்கனவே கண்டு திருத்தியிருக்கிறேன். மூன்றாவது முறையும் அதையே கண்டபோது, இனி எழுதாமல் இருப்பது சரியல்ல என்று தோன்றியது.

வரைபில் இருந்த எண்கள் பொய்யல்ல. ஜப்பானின் தேசியக் குடித்தொகை ஆய்வு நிறுவகம் 2023இல் வெளியிட்ட எதிர்வுகூறலின் நடுத்தர நிலைப்படி (பிறப்புகள் மிக உயர்வாகவோ மிகத் தாழ்வாகவோ இராமல் இடைநிலையில் இருக்கும் என்று கொள்ளும் கணக்கின்படி), 2020இல் 150 இலட்சமாக இருந்த பதினைந்து வயதுக்குட்பட்டோர் 2070இல் ஏறத்தாழ 80 இலட்சமாவர். அதே ஆண்டின் இறுதியில் கொரியப் புள்ளிவிபர அலுவலகம் வெளியிட்டதன்படி, அங்கே 2022இல் 59.5 இலட்சமாக இருந்த அதே வயதினர் 2072இல் 23.8 இலட்சமாவர். கழித்துப் பார்த்தால் ஜப்பான் ஏறத்தாழ 70 இலட்சம் சிறுவரையும் கொரியா ஏறத்தாழ 36 இலட்சம் சிறுவரையும் இழக்கின்றன. பிழை கழித்தலில் இல்லை. கழித்த விடையை மட்டும் எடுத்துக்கொண்டு, எதிலிருந்து கழித்தோம் என்பதை விட்டுவிட்டதில்தான் இருக்கிறது.

அந்த அம்மையாரிடம் அவருடைய தொழிலையே வைத்துக் கேட்டேன். நூற்றிருபது பிள்ளைகள் படிக்கும் முன்பள்ளியில் முப்பது பேர் குறைகிறார்கள். நாற்பது பேர் படிக்கும் முன்பள்ளியில் இருபது பேர் குறைகிறார்கள். எந்த முன்பள்ளி முதலில் ஆசிரியரை நிறுத்த வேண்டியிருக்கும்? அவர் ஒரு கணமும் யோசிக்காமல், சிறியதுதான் என்றார். நாடுகளுக்கும் கணக்கு அதுவேதான். இன்று நூறு சிறுவர் இருக்கும் இடத்தில் ஜப்பானில் ஐம்பத்து மூன்று பேர் எஞ்சுவர். கொரியாவில் நாற்பது பேரே எஞ்சுவர். மொத்தக் குடித்தொகையில் சிறுவரின் பங்கு ஜப்பானில் 11.9 வீதத்திலிருந்து 9.2 வீதமாகவும், கொரியாவில் 11.5 வீதத்திலிருந்து 6.6 வீதமாகவும் இறங்குகிறது. சலாகையின் உயரத்தைப் பார்த்துத் தப்பிவிடும் என்று அவர் நினைத்த நாட்டிலேயே வீழ்ச்சி கடுமையானது.

இந்தத் தவறு எதிர்த்திசையிலும் நடக்கிறது. 2024இல் தென்கொரியாவில் 2,38,000 அளவில் பிறப்புகள் நிகழ்ந்தன. இலங்கையில் அதே ஆண்டில் ஏறத்தாழ 2,20,000 பிறப்புகள் பதிவாகின. இரண்டு எண்களும் அருகருகே நிற்பதைக் கண்டு நாமும் கொரியாவாகிவிட்டோம் என்று பதறுகிறவர்கள், அங்கே வாழ்வோர் ஐந்து கோடிக்கும் மேல் என்பதையும், இங்கே 2024 தொகைமதிப்பில் எண்ணப்பட்டோர் 217 இலட்சத்துச் சொச்சம் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். ஆயிரம் பேருக்கு அங்கே ஐந்துக்கும் குறைவான பிறப்புகள், இங்கே ஏறத்தாழ பத்து. ஆயினும் 2019இல் இங்கே மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகள் பதிவாகின என்பதை வைத்துப் பார்த்தால், நாம் கவலையற்று இருக்கவும் முடியாது. பிறப்புகள் ஏன் குறைகின்றன என்பதை, பிந்திய திருமணத்தையும் வீட்டு வாடகையையும் வெளிநாட்டுப் பயணத்தையும் அறிந்த வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

எதிர்வுகூறல் சாத்திரமல்ல, நிபந்தனையோடு கூடிய கணக்கு என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஜப்பானின் நடுத்தர நிலை, ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.36 பிள்ளைகள் என்ற கருவள வீதத்தை 2070க்கு எடுத்துக்கொள்கிறது. 2024இல் அங்கே உண்மையில் பதிவானது 1.15. கொரியாவின் நடுத்தர நிலை நீண்டகாலத்துக்கு 1.08 என்று கொள்கிறது. 2024இல் அங்கே இருந்தது 0.75. ஆகவே இவ்வளவு செங்குத்தான வீழ்ச்சியைக் காட்டும் இந்தக் கணக்குகள்கூட, இன்றைய நிலையிலிருந்து ஓரளவு மீட்சி வரும் என்று நம்பியே போடப்பட்டவை. எங்கள் குடித்தொகையியல் துறையில் இதை முதல் நாளே கற்பிக்கிறோம். வரைபைப் பகிர்பவர்கள்தான் இந்த வரியை வெட்டிவிடுகிறார்கள்.

ஒப்பிடுவதென்றால் தொடக்க ஆண்டைப் பாருங்கள். வயதெல்லையைப் பாருங்கள், ஐந்து வயதுக்குட்பட்டோரை ஒரு நாட்டிலும் பதினைந்து வயதுக்குட்பட்டோரை மறு நாட்டிலும் எடுத்து அருகருகே வைக்காதீர்கள். உயர்ந்த, நடுத்தர, தாழ்ந்த நிலைகளில் எது தரப்பட்டிருக்கிறது என்று தெரியாவிட்டால், அந்த எண்ணைத் தயவுசெய்து பகிர வேண்டாம். ஜப்பானின் 2024ஆம் ஆண்டுப் பிறப்புகள் என்று செய்திகளில் வந்த 6,86,000 அளவிலான எண், ஜப்பானியக் குடிகளின் பிறப்புகளை மட்டுமே சேர்த்தது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

முன்பள்ளியை மூடிவிடலாமா என்று அந்த அம்மையார் இறுதியாகக் கேட்டார். 2024இல் பிறந்த பிள்ளைகள் மூன்று வயதில் 2027இல் முன்பள்ளிக்கு வருவார்கள். அவர்களைப் பற்றி எவரும் எதிர்வுகூற வேண்டியதில்லை, அவர்கள் பிறந்துவிட்டார்கள். ஆகவே ஜப்பானையும் கொரியாவையும் ஒதுக்கிவைத்து, தமது சேர்வு இடாப்புகளிலிருந்து கடந்த பத்து ஆண்டுகளில் சேர்ந்த பிள்ளைகளைப் பிறந்த ஆண்டுவாரியாக எண்ணிக்கொண்டு வரும்படி கேட்டிருக்கிறேன். அந்தப் பட்டியலைக் கொழும்பு மாவட்டத்தின் பதிவுப் பிறப்புகளோடு வைத்துப் பார்த்த பிறகு, அவருடைய கேள்விக்குப் பதில் சொல்வேன்.