பலபடிக்குள் திசை மறக்கும் எலக்ட்ரான்

எலக்ட்ரானுக்கு மின்னூட்டத்தோடு தற்சுழற்சி என்னும் பண்பும் உண்டு. அதனால் அது ஒரு நுண்ணிய காந்தமாகவும் நடந்துகொள்கிறது. கார்பன் சங்கிலிகளாலான குறைக்கடத்திப் பலபடிகளுக்குள் (பாலிமர்களுக்குள்) இந்தக் காந்தத்தின் திசை எவ்வளவு நேரம் நிலைக்கும், எது அதைக் கலைக்கும் என்பது அவ்வளவு எளிய கேள்வியன்று.

கனமான அணுக்களில் எலக்ட்ரானின் சுற்றியக்கமே அதன் தற்சுழற்சியைத் திருப்பிவிடும். இவ்விளைவு அணு எண்ணின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் வளர்வதால், அணு எண் 6 உடைய கார்பனில் அது மிகவும் நலிந்திருக்கிறது. திசை மைக்ரோநொடிக் கணக்கில்கூட நிலைக்கிறது. (கார்பனைவிடக் கனமான கந்தகத்தைக் கொண்ட தயோஃபீன் பலபடிகளில் இந்த வாதத்தை அப்படியே நம்ப முடியாது.)

ஆயினும் திசை மறக்கத்தான் செய்கிறது. அதற்கு முதன்மைக் காரணம், சங்கிலியின் ஓரங்களில் அமர்ந்திருக்கும் ஹைட்ரஜன். கார்பனில் பெரும்பங்காக உள்ள கார்பன்-12 அணுக்கருவுக்குத் தற்சுழற்சி கிடையாது. ஹைட்ரஜன் கருவுக்கு உண்டு. எலக்ட்ரான் பரவியிருக்கும் இடத்தில் உள்ள பல ஹைட்ரஜன் கருக்கள் தாறுமாறாகத் திரும்பி நின்று, கூட்டாகச் சில மில்லிடெஸ்லா அளவுக்குக் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. தருமபுரியில் திசைகாட்டியின் முள்ளைத் திருப்பும் புவிக்காந்தப்புலம் சுமார் 0.04 மில்லிடெஸ்லாதான் என்பதை நினைத்தால், இது சிறிய புலமன்று. ஒரு மில்லிடெஸ்லாவில் தற்சுழற்சியின் திசை ஒரு முழுச்சுற்றுச் சுற்றிவர ஏறத்தாழ 36 நானோநொடி போதும்.

பலபடிக்குள் படிகத்தின் ஒழுங்கு இல்லாததால் எலக்ட்ரான் இடத்துக்கு இடம் தாவியே நகர்கிறது. ஒவ்வோர் இடத்திலும் புலத்தின் திசை வேறு. ஒகேனக்கல்லில் சுழல்களைக் கடக்கும் பரிசல், ஒரு சுழலில் தங்கிவிட்டால் முகம் எப்பக்கம் இருந்தது என்பதே தெரியாமல் சுற்றிவிடும். விரைந்து கடந்தால் ஒவ்வொரு சுழலும் அதைச் சிறிதே திருப்பும், அத்திருப்பங்களும் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். எலக்ட்ரானுக்கும் அப்படியே: தாவல் விரைவானால், ஹைட்ரஜன் புலங்கள் சராசரியாகி அவற்றின் பிடி தளர்கிறது.

ஹைட்ரஜன் புலத்தைவிட வலிய புலத்தை வெளியிலிருந்து செலுத்தினால் தற்சுழற்சி அதனையே அச்சாகக் கொள்கிறது. அச்சின் வழியான அதன் கூறு எளிதில் கலைவதில்லை. எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்; நேர்மின்னூட்டம்போல் நகர்வது) இணையாகும்போது அவற்றின் தற்சுழற்சிகள், ஒன்றையொன்று ஈடுசெய்யும் ஒற்றை நிலையிலும் ஒன்றாகக் கூடும் மும்மை நிலையிலும் 1:3 என்ற விகிதத்தில் அமைகின்றன. இரு நிலை இணைகளும் வெவ்வேறு வேகத்தில் பிரிவதாலும் அழிவதாலும், எது எவ்வளவு என்பது மின்னோட்டத்தைப் பாதிக்கிறது. இவ்விரு நிலைகளுக்கிடையே நடக்கும் மாற்றத்தைத் தூண்டுவதும் ஹைட்ரஜன் புலமே. வெளிப்புலம் அம்மாற்றத்தின் பெரும்பகுதியைத் தடுப்பதால், காந்தத்தன்மையே இல்லாத பலபடியிலும், அறை வெப்பநிலையிலேயே, சில மில்லிடெஸ்லா புலத்துக்கு மின்னோட்டம் அளவிடத்தக்க வகையில் மாறுகிறது.

இந்த விளக்கத்துக்கு நேரடிச் சோதனை 2010-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அங்கு ஒரு பலபடியின் ஹைட்ரஜனுக்குப் பதிலாக, கருக்காந்தத் திறன் குறைந்த டியூட்டிரியத்தை (ஹைட்ரஜனின் கனமான வகையை) வைத்துப் பார்த்தனர்; சங்கிலியின் வேதியியல் மாறவில்லை, ஆனால் காந்தப்புலத்துக்கான துலங்கலின் அகலம், அதாவது மாற்றம் நிகழும் புல அளவின் வீச்சு, குறுகியது.