காற்றை எதிர்த்துப் போகும் பாய்

பிரான்சின் மார்செய் துறைமுகத்திலிருந்து கிழக்கே கஸ்ஸி என்ற சிற்றூர் வரை கடல்வழியாகச் சுமார் 15 கடல் மைல், அதாவது கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர். வழியெங்கும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள் செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகின்றன. நடுநடுவே கடல் உள்ளே புகுந்த குறுகலான பள்ளத்தாக்குகள். அவற்றைக் கலாங்க் என்கிறார்கள். 2012இல் இந்தக் கரை தேசியப் பூங்காவானது. கோடையில் பத்து மீட்டர் நீளப் பாய்மர யாட் ஒன்றை வாடகைக்கு எடுத்து, முற்பகலில் கிளம்பி, ஏதாவது ஒரு கலாங்க்கில் நங்கூரம் போட்டுக் குளித்துச் சாப்பிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம்.

இந்தப் பயணத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கிழக்கே போகும்போது காற்றே இல்லாததுபோல் இருக்கும், வெயில் தோலை எரிக்கும். மேற்கே திரும்பும்போது காற்று முகத்தில் அறையும், படகு ஒரு பக்கமாகச் சாயும், ஆளாளுக்கு ஜாக்கெட் தேடுவார்கள். கரையில் நிற்பவரைக் கேட்டால், இரண்டு நேரமும் ஒரே காற்றுதான் வீசியது என்பார். அவர் சொல்வதும் சரிதான்.

முதலில் அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். பாறைமேல் விழும் வெயில் மேலே சில சென்டிமீட்டரை மட்டுமே சூடாக்குகிறது, அதனால் பாறை சீக்கிரம் கொதிக்கிறது. கடலிலோ ஒளி பல மீட்டர் ஆழம் இறங்குகிறது, அலைகள் தண்ணீரைக் கலக்கிவிடுகின்றன; போதாததற்கு, தண்ணீரைச் சூடாக்க வெப்பமும் அதிகம் வேண்டும். நாள் முழுக்க வெயில் அடித்தாலும் கடல்நீர் சூடாவது சொற்பம்தான். நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி விரிந்து உயர்கிறது, உயரத்தில் கடல் பக்கமாக நகர்கிறது. நிலத்தை ஒட்டிய காற்றின் அழுத்தம் ஒரு துளி குறைய, கடலின் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மே மாதத்தில் கடற்காற்று ஒரு மணி நேரம் தாமதித்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மார்செய் பக்கம் இந்தக் காற்று முற்பகலில் எழுந்து, பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள் உச்சம் தொடும். வேகம் பத்துப் பன்னிரண்டு நாட் இருக்கும். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். கலாங்க் கரை தெற்குப் பார்த்த கரை, ஆகவே காற்று தெற்கிலிருந்து நேராக வடக்கே வீச வேண்டும். ஆனால் பூமி சுழல்கிறதே! வட அரைக்கோளத்தில் நகரும் காற்று மெல்ல வலப்பக்கம் திரும்பும். வடக்கே போகிற காற்றுக்கு வலப்பக்கம் கிழக்கு. ஆக நேரம் போகப் போகக் காற்று தென்மேற்கிலிருந்தும், பிறகு ஏறக்குறைய மேற்கிலிருந்தும் வீசத் தொடங்குகிறது. போகும்போது முதுகில் தள்ளிய காற்று திரும்பும்போது எதிரே நிற்பதற்குப் பூமியின் சுழற்சிக்கும் ஒரு பங்கு உண்டு.

சரி, எதிரே வரும் காற்றை வைத்துக்கொண்டு ஒரு படகு எப்படி முன்னால் போகும்?

நேராக எதிர்த்துப் போக முடியாது. காற்று வரும் திசைக்குச் சுமார் 45 பாகை விலகிப் போகலாம். அந்தக் கோணத்தில் பாய் காற்றை முட்டுக்கொடுத்து நிறுத்துவதில்லை. வளைந்த பாயின் இரண்டு பக்கமும் காற்று வழிந்து ஓடுகிறது, ஓடும்போது திசை திரும்புகிறது. காற்றைப் பாய் ஒரு பக்கம் திருப்பினால், காற்று பாயை மறுபக்கம் தள்ளும்; நியூட்டனின் மூன்றாம் விதி. இதையே அழுத்தக் கணக்காகவும் சொல்லலாம்: பாயின் புடைத்த பக்கத்தில் காற்று வேகமாக ஓடுகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, பாய் அந்தப் பக்கம் இழுக்கப்படுகிறது. இரண்டாகப் பிரிந்த காற்று பாயின் மறுமுனையில் ஒரே நேரத்தில் சந்தித்தாக வேண்டும், அதனால்தான் ஒரு பக்கம் வேகம் என்று ஒரு விளக்கம் பாடப்புத்தகங்களில்கூட உலவுகிறது. அப்படி எந்தக் கட்டாயமும் காற்றுக்கு இல்லை. உண்மையில் புடைத்த பக்கக் காற்று முந்திக்கொண்டே போய்விடுகிறது.

ஆனால் இந்த இழுப்பின் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில்தான் தள்ளுகிறது. முன்னோக்கி இழுப்பது கொஞ்சம்தான். பாய் மட்டும் இருந்தால் படகு நண்டுபோல் நகர்ந்து பாறையில் மோதிவிடும். காப்பாற்றுவது தண்ணீருக்கடியில் இருக்கும் கீல். படகின் வயிற்றிலிருந்து கீழே நீளும் கனமான இரும்பு அல்லது ஈயத் தகடு அது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 800 மடங்கு அடர்த்தி, ஆகவே பெரிய பாயின் பக்கவாட்டுத் தள்ளலைச் சமாளிக்கச் சிறிய கீல் போதும். கீலும் சும்மா தடுத்து நிற்பதில்லை, அதுவும் ஓர் இறக்கைதான். படகு நான்கைந்து பாகை பக்கவாட்டில் நழுவியபடியே போகிறது. அந்தச் சரிவில் வரும் தண்ணீரைக் கீல் திருப்பிவிட, தண்ணீர் கீலை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று தின்றுவிட, மிஞ்சுவது முன்னோக்கிய அந்தச் சிறு இழுப்பு. படகின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கீலிலேயே இருப்பதால், சாய்ந்தாலும் படகு கவிழாது. முதல்முறை ஏறுகிறவர்கள் இதை நம்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

மேற்கே போக வேண்டுமானால் ஒருமுறை வடமேற்கே, ஒருமுறை தென்மேற்கே என்று வளைந்து வளைந்து போக வேண்டும். 45 பாகைக் கோணத்தில் ஒவ்வொரு மைலுக்கும் 1.41 மைல் ஓட வேண்டியிருக்கும். கஸ்ஸியிலிருந்து, மார்செய் பக்கம் கரை வடக்கே திரும்பும் க்ருவாசெட் முனை வரை உள்ள 9 மைல் கிட்டத்தட்ட 13 மைலாகிவிடுகிறது.

இப்போது ஜாக்கெட் விஷயம். காற்று 10 நாட், படகு 5 நாட் என்று வைத்துக்கொள்வோம். காற்றோடு சேர்ந்து போகும்போது படகில் இருப்பவர் உணர்வது 10 கழித்தல் 5, வெறும் 5 நாட். எதிர்த்து 45 பாகையில் போகும்போது படகின் வேகமும் காற்றோடு கூடிக்கொள்கிறது. திசைகளையும் கணக்கில் எடுத்துக் கூட்டினால் 14 நாட் வருகிறது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 14ஐ 5ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் ஏறக்குறைய 8. அதே காற்று, அதே படகு, ஆனால் முகத்தில் விழும் அடி எட்டு மடங்கு! புதியவர்கள் மதியம் ஏமாறுவதும் இங்கேதான். காற்றோடு போகும் சுகத்தில் பாயை முழுவதும் விரித்துவிட்டு, திரும்பும் நேரத்தில் அதைச் சுருட்டப் போராடுவார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் மிஸ்ட்ரல் வராத நாட்களுக்கு மட்டும். ரோன் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாக வடமேற்கிலிருந்து இறங்கும் வறண்ட, குளிர்ந்த காற்று அது. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும்போதே மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி அடிக்கக்கூடியது. அன்று வாடகை யாட்டுகள் துறைமுகத்திலேயே கிடப்பது நல்லது.

மிஸ்ட்ரல் கடலையும் ஒரு கை பார்க்கிறது. துருவக் கடலில் மிதக்கும் பனி, காற்றின் திசைக்கு வலப்பக்கம் விலகி நகர்வதை 1890களில் ஃபிராம் கப்பலில் போன நார்வே ஆய்வுப்பயணி நான்சென் கவனித்தார். ஏன் என்பதற்கு ஸ்வீடன் கடலியலாளர் எக்மன் 1905இல் கணிதம் எழுதினார். காரணம் முன்பு பார்த்த அதே பூமிச் சுழற்சி. மிஸ்ட்ரல் தென்கிழக்கே வீசினால், மேல்மட்டத் தண்ணீர் அதற்கு வலப்பக்கமாக, கலாங்க் கரையை விட்டு வெளியே போகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. 23, 24 டிகிரியில் இருந்த கடல் ஓரிரு நாளில் 16 டிகிரி பக்கம் இறங்கிவிடும், அதுவும் ஜூலையில். கலாங்க்கில் குளிக்கத் திட்டமிடுகிறவர்கள் அன்றைய வானிலையோடு முந்தைய இரண்டு நாள் காற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.