ஃப்ரிட்ஜில் உறங்கும் ஆமை

ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் நில ஆமை வளர்க்கிறவர்களில் பலர், நவம்பர் பிறந்ததும் அதை மண்ணும் இலைச்சருகும் நிரப்பிய பெட்டியில் இட்டு ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுகிறார்கள். காய்கறி வைக்கிற அதே வகை ஃப்ரிட்ஜ்தான். ஆமைக்கென்று தனியாக ஒன்று வாங்கியிருப்பார்கள். உள்ளே 5 டிகிரி செல்சியஸ். அதில் மூன்று நான்கு மாதம் கிடக்கும். கேள்விப்பட்டதும் பதறத்தான் தோன்றும். ஆனால் அந்த ஆமைக்கு உண்மையான ஆபத்து 5 டிகிரியில் இல்லை, 12 டிகிரியில் இருக்கிறது. ஏன் என்று புரிந்துகொண்டால் இந்தப் பிராணியை வளர்ப்பதில் பாதி புரிந்துவிடும்.

மத்தியதரைக்கடல் ஆமைகள் என்று பொதுவாகச் சொன்னாலும் வீடுகளில் அதிகம் இருப்பவை இரண்டு மூன்று இனங்கள். ஸ்பெயினிலிருந்து பால்கன் நாடுகள் வரை வாழும் ஹெர்மன் ஆமை; மொராக்கோவிலிருந்து ஈரான் வரை பரவியிருக்கும், தொடையில் முள் போன்ற புடைப்புள்ள கிரேக்க ஆமை; ஓட்டின் பின்விளிம்பு பாவாடை போல விரியும் விளிம்பு ஆமை. ஹெர்மன் ஆமைக்குத் தொடையில் முள் இல்லை, வால் நுனியில் கொம்பு போல ஒன்று இருக்கும். கிரேக்க ஆமை என்ற பெயரை நம்பி ஏமாறவேண்டாம், கிரேக்க நாட்டில் மிகுதியாகத் திரிவது மற்ற இரண்டும்தான்.

நம் உடல் அடுப்பைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. தின்னும் உணவில் பெரும்பங்கு அதற்கு விறகாகவே போகிறது. ஆமையிடம் அந்த அடுப்பு இல்லை. காலையில் வெளியே வந்ததும் வெயிலில் கால்களையும் கழுத்தையும் நீட்டிப் பரப்பிக்கொண்டு கிடக்கும். உடல் 30 டிகிரியை நெருங்கிய பிறகுதான் மேயக் கிளம்பும். நண்பகலில் புதருக்கடியில் ஒதுங்கும், மாலையில் மறுபடி வெயிலைத் தேடும். சோம்பேறித்தனம் என்று நாம் நினைப்பது அசல் சிக்கனம். 1968 செப்டம்பரில் சோவியத் ஒன்றியம் அனுப்பிய சோண்ட் 5 விண்கலத்தில் நிலவைச் சுற்றிவந்து இந்தியப் பெருங்கடலில் இறங்கியவை இவற்றின் நெருங்கிய உறவான மத்திய ஆசிய ஆமைகள் இரண்டு. தீனியே இல்லாத பயணம். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்ததே தவிர, உயிரோடு திரும்பின.

ஆகவே வளர்ப்பவரின் முதல் வேலை வெயில் ஏற்பாடு செய்வது. கோடையில் வேலி போட்ட தோட்டமே போதும். கூடவே, பகல் வெயிலைப் பிடித்துவைக்கும்படி பக்கமெல்லாம் ஒளிபுகும் தகடு போட்ட சிறு கொட்டகை ஒன்று வேண்டும். வீட்டுக்குள் வைக்க நேர்ந்தால் ஒரு மூலையில் 32 முதல் 35 டிகிரி தரும் விளக்கு, எதிர்மூலையில் குளுமை. எவ்வளவு சூடு வேண்டும் என்பதை ஆமையே நடந்து போய்த் தீர்மானித்துக்கொள்ளும். மீன்தொட்டி போன்ற கண்ணாடிப் பெட்டிகள் இதற்கு உதவா. உள்ளே எங்கும் ஒரே வெக்கை, காற்றோட்டம் இல்லை, கண்ணாடி என்றால் என்னவென்றும் ஆமைக்குத் தெரியாது. நாள் முழுக்கச் சுவரை முட்டிக்கொண்டே இருக்கும். கடைகளில் ஆமையோடு சேர்த்து அதைத்தான் விற்கிறார்கள்.

சூடு மட்டும் போதாது. ஓடு என்பது வெறும் கவசமல்ல, முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து ஒட்டி உருவான உயிருள்ள எலும்பு. மேலே நகம் போன்ற கெரட்டின் தகடுகள். இவ்வளவு எலும்பு கட்ட நிறையக் கால்சியம் வேண்டும், குடல் அதை உறிஞ்ச வைட்டமின் டி3 வேண்டும். ஏறக்குறைய 290 முதல் 315 நானோமீட்டர் வரையான புற ஊதாக் கதிர் தோலில் படும்போது, அங்குள்ள ஒரு கொலஸ்டிரால் வகைப் பொருள் டி3-க்கு முந்தைய வடிவமாக மாறுகிறது. அது முழு டி3 ஆவது ஒளியால் அல்ல, உடல் வெப்பத்தால். குளிர்ந்த உடலில் இந்த இரண்டாம் கட்டம் மந்தமாகிவிடும். அதனால்தான் புற ஊதா விளக்கையும் சூட்டு விளக்கையும் ஒரே இடத்தில், மேலிருந்து விழும்படி மாட்டச் சொல்கிறார்கள். சன்னல் கண்ணாடி இந்தக் கதிரை அநேகமாக முழுவதும் தடுத்துவிடும். சன்னலோரத்தில் வெயில் காயும் ஆமைக்குச் சூடு கிடைக்கும், டி3 கிடைக்காது. குட்டியாக இருக்கையில் இது தொடர்ந்தால் ஓடு விரலுக்கு அமுங்கும் அளவு மென்மையாகிவிடும்.

தீனி விஷயத்தில் நான் கடைக் கீரைகளுக்கு எதிர்க்கட்சி. இந்த ஆமைகள் வளர்ந்தது வறண்ட புதர்க்காட்டுக் களைகளைத் தின்று. நார்ச்சத்து மிகுந்த அந்தத் தழையைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள்தான் நொதிக்கவைத்துச் சக்தியாக்குகின்றன. டாண்டிலியன், கிளோவர், நம் துத்தியின் குடும்பத்தைச் சேர்ந்த மல்லோ, இசப்கோலின் உறவான பிளான்டாகோ களை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி — எல்லாம் மருந்து தெளிக்காத வெளியிலிருந்து பறித்தது. கால்சியம் பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் இருக்கவேண்டும். கடித்துக்கொள்ளக் கணவாய் ஓடு ஒன்று எப்போதும் கிடக்கட்டும். தக்காளியும் வெள்ளரியும் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். பழச் சர்க்கரை குடலில் தவறான கிருமிகளை வளர்த்துக் கழிச்சலில் முடியும். நாய்த்தீனி வேண்டவே வேண்டாம்.

ஓடு பிரமிடு பிரமிடாகப் புடைத்துக்கொள்ளும் குறைக்கு நெடுங்காலம் புரத உணவின் மேல்தான் பழி விழுந்தது. 2003-ல் வெளியான ஆய்வில் வீஸ்னர், இபென் இருவரும் ஆப்பிரிக்க முள்தொடை ஆமைக் குட்டிகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு அளவு புரதத்திலும் வளர்த்துப் பார்த்தார்கள். காற்று உலர்ந்திருந்த இடத்தில்தான் புடைப்பு மிகுந்தது. புரதத்தின் பங்கு மிகச் சிறியது. யோசித்தால் பொருந்துகிறது. காட்டில் வளர்ந்த ஆமை நடமாடும் நிலம் காய்ந்திருந்தாலும், குட்டிகள் புல்வேருக்கடியிலும் சருகுக்கடியிலும் ஈரம் தங்கிய இடத்திலேயே ஒளிந்து வளர்கின்றன. அவற்றைச் சூட்டு விளக்குக்கு அடியில் வறட்டு மரத்தூளில் போட்டால் புதிதாக வளரும் கெரட்டின் காய்ந்து இறுகுகிறது. ஈரமான மண் படுக்கையும், அடிக்கடி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு குளியலும் போதும். ஆமையின் கழிவில் வெள்ளைக் களிம்பு போல வருவது யூரிக் அமிலம், தண்ணீரை மிச்சப்படுத்தும் உத்தி அது. களிம்பு மணல் போல நறநறவென்று வந்தால் தாகத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

இனி ஃப்ரிட்ஜ். வெப்பம் இறங்க இறங்க உடலின் வேதிவினைகள் மெதுவாகும். 5 டிகிரியில் இதயம் நிமிடத்துக்குச் சில தரமே துடிக்கும், கொழுப்பு மிகச் சிக்கனமாகச் செலவாகும். 10 டிகிரிக்கு மேலே ஏறினால் உடல் எரிபொருளை வேகமாகச் செலவழிக்கத் தொடங்கும், ஆனால் தின்று செரிக்கும் அளவு சூடு இராது. இரண்டுங்கெட்டான் நிலை. சேமிப்பு கரையும், மார்ச்சுக்குள் ஆமை பட்டினியால் துவண்டுவிடும். மறுபக்கம் உறைநிலைக்குக் கீழே போனால் திசுக்கள் உறையும், கண் பார்வை போன ஆமைகள் உண்டு. பழைய காலத்துப் பரண், கொட்டகை எதுவும் இந்தக் குறுகிய எல்லையைக் காப்பாற்றுவதில்லை, ஃப்ரிட்ஜ் காப்பாற்றும். காற்று மாறக் கதவை அவ்வப்போது திறந்தால் சரி.

இதற்கு முன்தயாரிப்பு முக்கியம். மூன்று நான்கு வாரம் முன்பே தீனியை நிறுத்திக் குடலைக் காலியாக்கவேண்டும், இல்லாவிட்டால் செரிக்காத தழை குளிரில் உள்ளேயே அழுகும். தண்ணீர் மட்டும் நிறையக் காட்டவேண்டும், சிறுநீர்ப்பைதான் குளிர்காலத் தொட்டி. உறங்கும்போது வாரந்தோறும் எடை பார்ப்பார்கள். பத்து சதவீதம் குறைவது அபாய எல்லை. நடுவில் சிறுநீர் கழித்திருந்தால் அந்தத் தொட்டி காலி என்று பொருள், உடனே எழுப்பிவிடுவதே நல்லது. நோயுற்றதையும் மெலிந்ததையும் உறங்கவிடக்கூடாது. குளிர் உறக்கமே அறியாத நம் நட்சத்திர ஆமைக்கு இதெல்லாம் பொருந்தாது. அதை வீட்டில் வைத்திருப்பதே இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஐரோப்பாவில் இவ்வளவு நுணுக்கம் பேசப்படுவதற்கு ஒரு கசப்பான பின்னணி உண்டு. இருபதாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் பால்கனிலிருந்தும் ஆமைகள் லட்சக்கணக்கில் பிடித்து அனுப்பப்பட்டன. முதல் குளிர்காலத்தைத் தாண்டாமலே பெரும்பாலானவை மடிந்தன. 1984-ல், இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் அந்த வணிகத்தைத் தடைசெய்தது. இன்று அங்கே ஒரு ஹெர்மன் ஆமையை விற்க, அது வளர்ப்பில் பிறந்தது என்பதற்குச் சான்றிதழ் வேண்டும். ஆக, வீட்டில் இனப்பெருக்கம் செய்யக் கற்றே ஆகவேண்டியிருந்தது.

அதில் காதல் பகுதி அவ்வளவு அழகல்ல. ஆண் ஆமை பெண்ணின் காலைக் கடிக்கும், ஓட்டால் ஓட்டை இடிக்கும். ஒரே வேலிக்குள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் என்று விட்டால் பெண்ணுக்குக் காயம் ஆறாது. ஓர் ஆணுக்குப் பல பெண்கள், ஒளிந்துகொள்ளப் புதர்கள், தேவைப்பட்டால் தனி வேலி. வேறு வேறு இனங்களை ஒன்றாக விடவும் கூடாது. கிரேக்க ஆமை அறிகுறியின்றிச் சுமக்கும் ஹெர்பீஸ் வைரஸ் ஹெர்மன் ஆமையைக் கொன்றுவிடக்கூடும். பெண் ஆமை விந்தணுக்களை ஆண்டுக்கணக்கில் உடலுக்குள் சேமித்துவைக்கும், ஆகவே தனியாக இருக்கும் பெண் திடீரென்று கருவுள்ள முட்டையிட்டால் அதிசயிக்க வேண்டாம்.

மே, ஜூனில் வெயில் விழும் சரிவு ஒன்றைத் தேர்ந்து பின்னங்கால்களால் குடுவை வடிவக் குழி தோண்டி, வழக்கமாக மூன்று முதல் எட்டு வரை முட்டையிடும். வட ஐரோப்பிய மண்ணில் போதிய சூடு இராது என்பதால் எடுத்து இன்குபேட்டரில் வைக்கிறார்கள். எடுக்கும்போது மேற்பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி. கோழி முட்டையைத் திருப்பிவிடுவார்கள், ஆமை முட்டையைத் திருப்பக்கூடாது. கரு விரைவிலேயே மேற்புறச் சவ்வில் ஒட்டிக்கொள்கிறது, புரட்டினால் செத்துவிடும்.

இன்குபேட்டரில் எத்தனை டிகிரி வைப்பது என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் விசித்திரமானது. இந்த ஆமைகளுக்குப் பாலினக் குரோமோசோம் இல்லை. அடைகாக்கும் காலத்தின் நடு மூன்றில் ஒரு பங்கில் நிலவும் வெப்பம்தான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. ஊர்வனவற்றில் இதை முதலில் கண்டவர் 1966-ல் செனகல் நாட்டின் டக்காரில் ஓந்தி முட்டைகளை ஆராய்ந்த மதலேன் ஷார்னியே. கிரேக்க ஆமையில் நிறுவியவர் பிரான்சின் குளோத் பியோ. ஹெர்மன் ஆமைக்கு எல்லைக்கோடு சுமார் 31.5 டிகிரி. அதற்குக் கீழே ஆண், மேலே பெண். செங்காது ஆமை என்ற நன்னீர் இனத்தில் 2018-ல் வெளியான ஆய்வு, குளுமையில் கேடிஎம்6பி என்ற மரபணு விழித்துக்கொண்டு விரை உருவாக்கும் மரபணுவைத் தூண்டுகிறது என்று காட்டியது. சூட்டில் அது அடங்கிப்போய்ச் சூலகம் உருவாகிறது.

ஆண்களின் முரட்டுத்தனத்தால் சந்தையில் பெண்ணுக்குத்தான் கிராக்கி. அதனால் 32, 33 டிகிரியில் வைப்பது வழக்கம். பேராசையில் 34-ஐத் தாண்டினால் ஓட்டுத் தகடுகள் கூடுதலாகவோ கோணலாகவோ அமையும், கருவே கெடும். இரண்டு மாதத்தில் மூக்கு நுனிப் பல்லால் ஓட்டைக் கிழித்துக்கொண்டு, வயிற்றில் மீந்த மஞ்சள்கருப் பையோடு குட்டி வெளிவரும். அது ஆணா பெண்ணா என்று வால் நீளத்தையும் அடிவயிற்று ஓட்டின் குழிவையும் பார்த்துச் சொல்ல இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை விவரம் தெரிந்த ஆள் குட்டியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்ப்பதில்லை. எத்தனை டிகிரியில் வைத்தீர்கள் என்று விற்பவரைக் கேட்பார்.